ஊத்துப்பாறைக் குடங்களில் சிரித்த ஆள்

சங்கரன்கோவிலுக்கும் தென்காசிக்கும் நடுவில், நிறுத்தலாமா வேண்டாமா என்று டிரைவர் யோசித்து யோசித்து பஸ்ஸை நிறுத்துகிற ஊர் ஒன்று உண்டு, ஊத்துப்பாறை என்று பெயர். அந்த ஊரில் ஒரு வியாழக்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வருவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, பெண்கள் அடுக்களைக்குள் போய்க் குடத்தைத் தூக்கினால் எல்லாக் குடத்திலும் ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். பித்தளைக் குடத்தில் மஞ்சளாகச் சிரித்தார், எவர்சில்வர் குடத்தில் பளபளவென்று சிரித்தார், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த கடையில் வாங்கிய பச்சை பிளாஸ்டிக் குடத்தில் லேசாகப் பச்சை பூத்துச் சிரித்தார், மண்குடத்தில் நாளெல்லாம் வெயிலில் நின்றவர் மாதிரி கறுத்துச் சிரித்தார். ஒட்டுப்படம் மாதிரி அசையாமல் கிடக்கவில்லை. தலையை ஆட்டினார், தோள் குலுங்கியது, பக்கவாட்டில் யாரையோ பார்த்தார், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பதினோரு விநாடி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஆச்சரியப்பட்டார்களா என்று கேட்பீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற ஊர், வந்தாலும் முக்கால் மணி நேரம்தான், இதில் நின்று ஆச்சரியப்பட்டால் அன்றைக்குச் சோறு பொங்குவது எப்படி? குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். வரிசையில் இடம் பிடித்த பிறகுதான் பேச்சே வந்தது. குழாயடியில் பேச்சிக்கனி என்று ஒருத்தி, யாரும் கொடுக்காத அதிகாரத்தை இருபது வருஷமாகச் செய்துவருகிறவள், தன் குடத்தைத் தரையில் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறார், யார் வீட்டு ஆள் என்று கேட்டாள். எங்கள் வீட்டிலும் இதே ஆள்தான் என்றாள் அடுத்தவள். எங்கள் வீட்டில் ஏழு குடம், ஏழிலும் இவர்தான் என்றாள் அதற்கடுத்தவள். சரி, அப்படியானால் யாருக்கும் குறை இல்லை, வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு பேச்சிக்கனி குழாயைத் திறந்தாள்.

வரிசையில் இருபத்து மூன்றாவதாக நின்றவள் வடிவு. அவள் மட்டும் குடத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, தலைகுனிந்து நின்றாள். சிரிக்கிற ஆள் யார் என்று அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சண்முகவடிவு என்பது முழுப்பெயர். வயது முப்பத்தாறு. அப்பாவுக்கு முடியாமல் போன வருஷங்களில் வந்த வரன்களையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி, அந்த அப்புறம் வரவே இல்லை. அதற்காக மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை அவள், வாய் திறந்தால் எதிரே இருப்பவனுக்கு வயிறு வலிக்கும். உரக்கடை மாடியில் ஞானதுரை அண்ணாச்சி வைத்திருக்கும் வீடியோ கடையில் பதினைந்து வருஷமாக கிராஃபிக்ஸ் வேலை. கல்யாண வீடியோ என்றால் இப்போதெல்லாம் தாலி கட்டுவதைக் காட்டினால் மட்டும் போதுமா? பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரு உலக உருண்டையைச் சுற்றி நடக்க வேண்டும், நாதஸ்வரக்காரர் தவிலைச் சுற்றி ஓட வேண்டும், சொந்தக்காரர் கூட்டம் முழுவதும் ஒரு தாமரை மொட்டின் மேல் விரிந்து சுருங்க வேண்டும். ஓடுகிற படத்தை எடுத்து, கம்ப்யூட்டருக்குள் சுழல்கிற பொருளின் மேல் துணி மாதிரி சுற்றிப் போர்த்துகிற வேலை அது. சொல்வது சுலபம். தட்டையான படத்தை உருண்டையின் மேல் போர்த்தினால் உச்சியில் போய்ச் சுருங்கும், மாப்பிள்ளை நெற்றி புளியங்கொட்டை அளவுக்கு ஆகிவிடும், இழுத்துச் சரிசெய்தால் கன்னம் பூசணிக்காயாகும். சுற்றிவந்து இரண்டு ஓரமும் சேருகிற இடத்தில் ஒரு கோடு விழும், அந்தக் கோட்டில் வந்து நிற்கிற அத்தைக்குப் பாதி மூக்குதான் மிஞ்சும். வடிவு சுற்றினால் கோடு தெரியாது. சுரண்டையிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் அவள் கைக்காகவே வேலை வரும்.

அதற்கு முந்தின நாள் புதன்கிழமை அவள் கையில் இருந்தது பாத்திரக்கடைக்காரர் மகள் கல்யாணம். மகள் கல்யாணத்தை ஒரு குடத்தின் மேல் ஓடவிட வேண்டும், குடமும் நம்மூர்க் குடமாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வடிவு தன் வீட்டுக் குடத்தையே மேஜையில் கொண்டுவந்து வைத்து, தையல்காரர் டேப்பால் வாயை அளந்து, கழுத்தை அளந்து, வயிற்றை அளந்து, கம்ப்யூட்டருக்குள் அச்சு அசலாக ஒரு குடம் செய்தாள். குடம் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க, உண்மையான கல்யாணப் படத்தைப் போடுவதற்கு முன்னால், மாதிரிக்கு ஒரு படத்தைச் சுற்றிப் பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைக்கிறோமே, அது போல. ஆள் வந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். வடிவு எடுக்க மறந்துவிட்டாள். படம் குடத்தின் பாதிச் சுற்றுக்குத்தான் வந்தது, மீதிப் பாதி வெறுமனே கிடந்தது, அதையும் அப்படியே விட்டு, விடியவிடிய ஓடட்டும் என்று கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தத் துண்டுதான், விடிவதற்குள் ஊத்துப்பாறை முழுக்க விரிந்து கிடந்தது.

படத்தில் சிரிக்கிறவர் தளவாய். ஞானதுரை அண்ணாச்சி கடையின் வீடியோக்காரர், நாற்பத்தொரு வயது, தனி ஆள். ஊரில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும் கிரகப்பிரவேசத்திலும் இருந்தவர், ஆனால் ஒரு வீடியோவிலும் இல்லாதவர். கேமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாயைக் கோணலாக இறுக்கிக்கொண்டு நிற்கிற உருவத்தைத்தான் ஊருக்குத் தெரியும், கேமராவை இறக்கிவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரே யார் என்று கேட்பார். அதற்கு ஒரு காரணம் உண்டு. இருபத்தைந்து வயதில் பெண் பார்க்க அவர் போட்டோவை அனுப்பினார்கள், நல்லா சிரித்த போட்டோ, முன்பல் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும். மாப்பிள்ளை குதிரை கனைக்கிற மாதிரி இருக்கிறார் என்ற சேதியோடு போட்டோ திரும்பி வந்தது. அன்றைக்கு மூடிய வாய்தான். மெமரி கார்டைக் கொடுக்க வாரத்துக்கு மூன்று நாள் மாடிக்கு வருவார், வடிவு எதிரில் பத்து நிமிஷம் உட்கார்ந்து டீ குடிப்பார், போய்விடுவார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் வடிவு அந்த மாடிப்படியை ஏறிக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லா ஆம்பிளைகளும் எல்லாருக்கும் அண்ணாச்சி, அவள் மட்டும் தளவாயை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இங்க பாருங்க என்பாள், கேக்கியளா என்பாள், ஒன்றும் வாய்க்கவில்லை என்றால் டீ டம்ளரை நகர்த்தி சத்தம் செய்வாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. அந்தக் கல்யாணத்தில் ஒரு தாய்மாமன், எந்தப் பக்கம் கேமரா திரும்பினாலும் அந்தப் பக்கம் வந்து நிற்கிற மனுஷன். இந்த வீடியோவில் தாய்மாமனை வெட்டினால் மிச்சம் மூன்று நிமிஷம்தான் தேறும், அதிலும் இரண்டு நிமிஷம் அவர் வேட்டி தெரியும் என்று வடிவு சொன்னாள். பாயசத்தை வாயில் வைத்திருந்த தளவாய் சிரித்துவிட்டார். பதிமூன்று வருஷமாக அடைத்து வைத்தது மொத்தமும் வெளியே வந்தது, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, பல் முழுக்கத் தெரிய. அம்மாவிடம் காட்ட இலைச் சாப்பாட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்த வடிவு, போனைக் கொஞ்சம் நிமிர்த்தினாள், அவ்வளவுதான். அவர் போனைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். படம் பிடிப்பது தெரிந்திருந்தால் அந்த நிமிஷமே எழுந்து போயிருப்பார். வடிவு சொல்லவில்லை, அழிக்கவும் இல்லை.

இப்போது அந்த மனுஷன் காசி யாத்திரைக் குழுவை வீடியோ எடுக்க வடக்கே போயிருக்கிறார். திரும்பி வர இன்னும் பன்னிரண்டு நாள். வந்து பார்த்தால் என்ன ஆகும் என்று வடிவுக்குத் தெரியும்: ஒரு வார்த்தை பேசமாட்டார், தென்காசியில் வேறு கடையில் சேர்ந்துகொள்வார், அந்தப் பத்து நிமிஷமும் போய்விடும். தண்ணீர் பிடித்துவிட்டு நேரே கடைக்கு ஓடினாள். கம்ப்யூட்டரில் குடம் தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது, அவரும் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தட்டு, அழிந்துவிடும். விரலை வைத்தாள். ஊரில் அத்தனை வீட்டிலும் அந்த முகம் வெறும் குடமாகப் போவதை நினைத்தாள், விரலை எடுத்துவிட்டாள். நாளைக்கு அழிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், வெட்கம் கெட்ட மனசு அதை ஒத்துக்கொண்டது.

மத்தியானத்துக்குள், கடைக் கம்ப்யூட்டரில் அதே ஆள் சுழல்வதை எட்டிப் பார்த்தவர்கள் சொல்லி, இது வடிவு செய்த வேலை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. நம்ம வடிவு கைவேலை, ஒரு ஓரமாவது பிசிறு தெரிகிறதா பார் என்று பெண்கள் குடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஆள் யார் என்று ஞானதுரை அண்ணாச்சி கேட்டதற்கு, மாதிரிக்கு வைத்தது அண்ணாச்சி, நெட்டில் கிடைத்த யாரோ ஒரு ஆள் என்றாள். பதினோரு வருஷம் தளவாயை வேலைக்கு வைத்திருக்கிற அண்ணாச்சி, கண்ணாடியை மூக்கில் இறக்கி நன்றாகப் பார்த்துவிட்டு, வடநாட்டு ஆள் மாதிரி தெரிகிறது என்றார். கவுன்சிலர் அன்னபுஷ்பம் வந்து கேட்டாள், அவளிடமும் அதே பொய். குழாயடியில் கேட்டார்கள், அங்கேயும் அதே பொய். பொய் சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்பார்கள், அவளுக்கு ஒவ்வொரு பொய்யும் முதல் பொய்யாகத்தான் இருந்தது.

ஊர் பழகிவிட்டது. முதல் இரண்டு நாள் சில வீடுகளில் புருஷன்மாருக்குக் கொஞ்சம் முகம் கோணியது, அடுக்களையில் ஒரு ஆம்பிளை எந்நேரமும் சிரித்துக்கொண்டு இருந்தால் எப்படி? பேச்சிக்கனி புருஷன் குடத்துக்குத் துண்டு கட்டிவிட்டார். நீரும் அப்படி ஒருநாள் சிரியும், அன்றைக்குத் துண்டு எதற்கு, குடத்தையே பரணில் ஏற்றிவிடுகிறேன் என்று பேச்சிக்கனி சொல்லிவிட்டாள், மனுஷன் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்ததாகக் கேள்வி. குளிக்கிறபோது குடத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது, குளித்து முடித்ததும் நம்ம பக்கம் திருப்பி வைப்பது என்று ஒரு மரியாதை தானாக வந்தது. அழுகிற பிள்ளையைக் குடத்தின் முன்னால் உட்கார வைத்தால் அழுகை நின்றது. மாமியாரும் மருமகளும் சண்டை போட்டால் நடுவில் ஒரு குடத்தை வைத்துவிட்டுப் போனார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், எவ்வளவு நேரம்தான் ஒருத்தி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க முடியும்? கோயிலில் அர்ச்சகர் கும்பத்துக்கு நூல் சுற்றும்போது முகத்தை விட்டுவிட்டுச் சுற்றினார். கொள்ளைப் பேருக்குச் சந்தேகம் ஒன்றே ஒன்றுதான்: ஆள் பக்கத்தில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்? பிள்ளைகள் குடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பார்த்தன, மறுபாதி வெறுமையாக இருந்தது. பொண்டாட்டியாக இருக்கும் என்றார்கள், கடன்காரன் செத்த சேதியாக இருக்கும் என்றார்கள், சாமியையே நேரில் பார்க்கிறார் என்று ஒரு கட்சி.

அந்த வாரத்தில் போஸ்ட்மேன் சுப்பையா காலமாகிவிட்டார், எண்பத்து நாலு வயது. கொள்ளி வைக்க மண்குடத்தைத் தோளில் ஏற்றினான் மகன், குடத்தில் ஆள் சிரிக்கிறார். வேறு குடம் கொண்டு வந்தாலும் அதிலும் இவர்தான் இருப்பார், என்ன செய்ய? இருக்கட்டும், எங்கப்பா ஊருக்கெல்லாம் சிரித்த முகத்தோடுதான் கடுதாசி கொடுத்தார் என்று சொல்லி மகன் மூன்று சுற்று சுற்றிவந்து குடத்தைப் போட்டு உடைத்தான். உடைந்த ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு கண், ஒரு பல், ஒரு குலுங்குகிற தோள். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுதபடியே சிரித்தார்கள். அதைக் கேள்விப்பட்டு வடிவு மாடியில் தனியாக உட்கார்ந்து அழுதாள், ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாத்திரக்கடைக்காரராவது தன் மகள் படத்தைக் கேட்டு வந்து சத்தம் போடுவார், அந்தச் சாக்கில் அழித்துவிடலாம் என்று வடிவு எதிர்பார்த்தாள். அவரோ இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வந்தார். சுத்துப்பட்டு ஊரெல்லாம் குடம் வாங்க அவர் கடைக்கு வந்து குவிகிறதாம். ஊர் எல்லையில் இருக்கும் ரைஸ் மில்லைத் தாண்டினால் ஆள் மறைந்து வெறும் குடமாகிவிடுகிறது, அதைச் சொல்லித்தான் விற்கிறாராம், இருந்தாலும் வாங்குகிறார்களாம், மில் வரைக்குமாவது கூட வரட்டும் என்று. மகள் வீடியோவுக்கு அவசரமே இல்லை தாயி என்று சொல்லிவிட்டுப் போனார். பேரூராட்சி அலுவலகத்துக்கு யாரோ மனு எழுதிப் போட்டதற்கு, தண்ணீர் மட்டுமே எங்கள் பொறுப்பு, குடம் அவரவர் சொந்தம் என்று பதில் வந்தது. கவுன்சிலர் அன்னபுஷ்பம் குழாயடியில் எல்லாரையும் வைத்து ஒரு முடிவு சொன்னாள். ஆள் யாராக இருந்தாலும் சரி, ஒருநாள் வந்து இது என் முகம், எடுத்துவிடு என்று அவரே கேட்டால் வடிவு எடுத்துவிட வேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது. சரிதானே வடிவு என்று கேட்டாள். சரி மதினி என்றாள் வடிவு, குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, தண்ணீர் நாள். காலை ஆறேகால் பஸ்ஸில் தளவாய் வந்து இறங்கினார். தோளில் கேமராப் பை, கையில் கங்கைச் சொம்பு, முகத்தில் பதினாறு நாள் தாடி. பஸ் ஸ்டாப்பிலிருந்து அவர் வீட்டுக்குப் போகிற வழியில்தான் குழாயடி. வரிசையில் ஆறாவதாக நின்ற வடிவு அவர் தெருமுனை திரும்புவதைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

முதலில் அவர் எதையும் கவனிக்கவில்லை. எதிரே தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த ஒருத்தி ஒதுங்கி வழிவிட்டாள், அவள் இடுப்பில் அவர் சிரித்துக்கொண்டு போனார். அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்து ஒரு சைக்கிள் வந்தது, கேரியரில் இரண்டு, ஹேண்டில்பாரில் இரண்டு, நாலு தளவாய். தாடியும் பையுமாக நடுத்தெருவில் நின்ற தளவாயை ஒருத்தரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை. பேச்சிக்கனிதான் கூப்பிட்டாள். வந்துட்டியா தம்பி, நல்ல நேரத்தில் வந்தாய், இந்த ஆளை ஒரு வீடியோ எடுத்து வை, என்றைக்கு மறைவாரோ தெரியாது என்றாள்.

பழக்கம் பாருங்கள், எடு என்றால் எடுக்கிற கை அது. பையைத் திறந்து கேமராவை எடுத்தார், ஒரு கண்ணை மூடினார், வாயைக் கோணலாக இறுக்கினார், பேச்சிக்கனியின் பித்தளைக் குடத்தை ஒரு நிமிஷம் முழுக்கப் படம் பிடித்தார். தன் பல்லைத் தானே கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கேமராவை இறக்கினார்.

“இது நான்” என்றார்.

குழாயடி கொல்லென்று சிரித்தது. காசிக்குப் போய் கங்கையில் முங்கினால் பாவம் போகும் என்றார்கள், புத்தியும் சேர்ந்து போகும் என்று சொல்லவில்லையே என்றாள் ஒருத்தி. உன் மூஞ்சியில் சிரிப்பை எந்தக் காலத்தில் யார் பார்த்தது என்றாள் இன்னொருத்தி. சிரித்துக் காட்டு பார்ப்போம் என்று நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். தளவாய்க்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது, பொய்க்காரனைப் பார்க்கிற மாதிரி ஊரே அவரைப் பார்த்தது.

பேச்சிக்கனி வரிசையின் பக்கம் திரும்பினாள். “வடிவு, நீதான செஞ்ச. நெட்டுல எடுத்த ஆளுன்னுதான சொன்ன? இவனுக்கு நீயே சொல்லு.”

தலையை ஆட்டினால் போதும், ரகசியம் ரகசியமாகவே இருக்கும். ஊர் சிரித்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விடும், தளவாய் தலைகுனிந்து வீட்டுக்குப் போவார், படமும் குடத்திலேயே இருக்கும். அவர் அவளைப் பார்க்கவில்லை, கேமராவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார், மூடி அவர் கையிலேயே இருந்தது. வடிவு வரிசையை விட்டு வெளியே வந்தாள். வரிசையை விட்டு வந்தால் இடம் போய்விடும் என்பது அந்தக் குழாயடியின் சட்டம், அதனால் அவள் வந்ததுமே எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

“அவருதான்” என்றாள். “நெட்டுல எடுக்கல. நான்தான் எடுத்தேன், பந்தியில வச்சி, அவருக்குத் தெரியாம.”

தளவாய் நிமிர்ந்தார். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா விட்டிருப்பியளா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கல.” அவள் குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. “நான் செஞ்சது தப்புதான். இப்பமே போயி எடுத்துருதேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டு எடுக்கேன். மாதிரிக்கு வச்சதுன்னு ஊருபூராவும் சொன்னேன், அது பொய்யி. மாதிரிக்கு வைக்க எங்கிட்ட ஆயிரம் படம் கெடக்கு, அருவி இருக்கு, ரோசாப்பூ இருக்கு. நான் உங்களத்தான் வைக்கேன். மூணு வருசமா எந்த வீட்டுக் கல்யாணம் வந்தாலும் மொதல்ல உங்கள வச்சி ஓடவிட்டுப் பாத்துட்டு, அதுக்கப்புறந்தான் மாப்பிள்ளைய வைக்கேன். நூத்திப் பன்னெண்டு கல்யாணம் ஆச்சு. இந்த ஊருல அத்தன பொண்ணுக்கும் மொத மாப்பிள்ள நீங்கதான்.”

வரிசையில் நின்றவர்களில் ஏழெட்டுப் பேர் அந்த மூன்று வருஷத்தில் கல்யாணமானவர்கள், அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். தளவாய் வாயை இறுக்கினார். இடதுபக்கம் இறுக்கினால் வலதுபக்கம் அவிழ்ந்தது, வலதுபக்கம் இறுக்கினால் மூக்கு விடைத்தது, கேமராவைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிக்கப் பார்த்தார், கை எழும்பவில்லை. நூத்திப் பன்னெண்டா என்று கேட்க வாயைத் திறந்தவர் சிரித்துவிட்டார். தலை ஆட, தோள் குலுங்க, ஏறின பல் முழுக்கத் தெரிய, நடுத்தெருவில், காலை வெயிலில் நின்று சிரித்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் அவரைப் பார்த்தார்கள், குடத்தைப் பார்த்தார்கள், மறுபடி அவரைப் பார்த்தார்கள், அப்புறம் அவர் பார்வை போகிற இடத்தைப் பார்த்தார்கள். அங்கே வடிவு நின்றாள். பன்னிரண்டு நாளாக மண்டையைக் குடைந்த சந்தேகம் ஒரு நொடியில் தீர்ந்தது குழாயடிக்கு.

“எடுக்கணுமா வேண்டாமா, அதச் சொல்லு தம்பி” என்றாள் பேச்சிக்கனி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “தண்ணி நிக்கப் போவுது.”

தளவாய் மூச்சு வாங்கிக்கொண்டு, ஊர்ப்பெண்கள் அத்தனை பேர் காலடியிலும் வரிசையாக நின்று சிரிக்கிற தன்னையே ஒருதரம் பார்த்தார். குதிரை எங்கேயும் தெரியவில்லை.

“இருந்துட்டுப் போட்டும்” என்றார். பிறகு வடிவிடம், ரொம்ப மெதுவாக, ஆனால் குழாயடி முழுக்கக் கேட்கும்படி, நூத்திப் பதிமூணாவதுக்கு ஆளை மாத்த வேண்டாம் என்றார்.

ஆவணியில் கல்யாணம். ஊர் வீடியோக்காரர் மாப்பிள்ளை, ஊர் கிராஃபிக்ஸ்காரி பொண்ணு, வீடியோ எடுக்க ஆள் ஏது? சங்கரன்கோவிலிலிருந்து ஒரு புதுப் பையனை அமர்த்தினார் ஞானதுரை அண்ணாச்சி. பாவம் அவன், காலையிலிருந்து தவித்துப்போனான். கேமராவைத் தூக்கினால் மாப்பிள்ளையும் எதிரில் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார், வெளிச்சம் அந்தப் பக்கம் இருக்கிறது என்று அவனுக்குக் கை காட்டுகிறார், மேளம் கொட்டும்போது எழுந்து வந்து ஸ்டாண்டைச் சரிசெய்யப் பார்க்கிறார். தாலி கட்டி முடிந்து இரண்டு பேரையும் நிறுத்தி, கடைசியாக ஒரே ஒரு படம், மாப்பிள்ளை சார் கொஞ்சம் சிரிங்க என்று கெஞ்சினான். மண்டபத்தின் முன்வரிசையிலிருந்து பேச்சிக்கனி எழுந்தாள்.

“அவன்கிட்ட கேக்காத தம்பி” என்றாள். “அவகிட்ட கேளு.”

வடிவு மாலையை ஒதுக்கிக்கொண்டு தளவாயின் காதருகே போய் என்னவோ சொன்னாள். பையன் கேமராவைத் தூக்கி, ஃபோகஸைத் திருகி, சரியாகப் பிடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அந்தச் சிரிப்பு எந்த வீடியோவிலும் இல்லை. மண்டபத்தில் ஒருத்தரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, எல்லாரும் நேரில் பார்த்துவிட்டார்கள்.